ஏலகிரியா, ஜவ்வாதா, வள்ளிமலையா? வேலூரிலிருந்து மலை நடைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச தூரம் மலை ஏற வேண்டும், கண்ணுக்குப் பச்சை தெரிய வேண்டும், வழியில் பழைய சிற்பமோ கல்வெட்டோ இருந்தால் இன்னும் நல்லது. வேலூர், காட்பாடிப் பக்கம் இப்படி யோசிப்பவர்களுக்கு மூன்று பெயர்கள்தான் முதலில் வரும். ஏலகிரி, ஜவ்வாது, வள்ளிமலை. மூன்றும் பழைய வடாற்காடுதான். இப்போது ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம். ஜவ்வாது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று பிரிந்து கிடக்கிறது. வள்ளிமலை மட்டும் முழுக்க வேலூர் மாவட்டத்தில், காட்பாடி வட்டத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டு வழக்கமான நடைக்கு இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வள்ளிமலையை எடுத்தோம். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை. அழகு, உயரம், குளிர்ச்சி என்று பார்த்தால் மற்ற இரண்டும் வள்ளிமலையை மிஞ்சும். இருந்தும் அதை ஏன் எடுத்தோம் என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஏலகிரி. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,110 மீட்டர் உயரம். பொன்னேரியிலிருந்து மேலே போகும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். கம்பர், கபிலர், ஔவையார், பாரி, ஓரி, அதியமான் என்று படித்துக்கொண்டே போகலாம். பள்ளிப் பிள்ளைகளோடு போனால் யார் முதலில் படிப்பது என்று வண்டிக்குள் போட்டியே நடக்கும். மேலே புங்கனூர் ஏரியில் படகு, நிலாவூர், அத்தனாவூர், தங்குவதற்கு விடுதிகள். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில் பிடித்து, அங்கிருந்து பேருந்திலும் ஏறிவிடலாம். பெரியவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் சுலபம்.

ஆனால் நடக்கப் போகிறவருக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் தார்ச்சாலைதான். விடுமுறை நாளில் அந்தச் சாலையில் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே நடக்க வேண்டும். உண்மையான மலை நடை என்றால் சுவாமிமலை உச்சிக்குப் போவது, இல்லையென்றால் ஜலகாம்பாறை அருவிப் பக்கம் காட்டு வழியாக இறங்குவது. இரண்டும் அருமையான பாதைகள் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். நான் சுவாமிமலை ஏறியிருக்கிறேன். ஜலகாம்பாறைக்குக் கீழிருந்து, திருப்பத்தூர் பக்கமாகத்தான் போயிருக்கிறேன், காட்டு வழி நடந்ததில்லை. சரித்திரம் தேடுகிறவர்களுக்கு ஏலகிரியில் தீனி குறைவு. ஓய்வெடுக்கப் போகிற மலை என்றே அதை வைத்துக்கொள்ளலாம்.

ஜவ்வாது வேறு கதை. மூன்றில் எது பெரியது, எது ஆழமானது என்று கேட்டால் யோசிக்காமல் ஜவ்வாது என்பேன். செய்யாறு பிறக்கும் மலை. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள், சாமை வயல், புளியமரம், பலா, தேன். ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் அருவி. மக்கள் குள்ளர் வீடு என்று சொல்லும் கற்திட்டைகள் அதே வட்டாரத்தில் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த பெருங்கற்காலச் சின்னங்கள். குனிந்து உள்ளே பார்த்தால், இத்தனை பெரிய பலகையை எப்படித் தூக்கினார்கள் என்ற கேள்விதான் முதலில் வரும்.

அப்புறம் காவலூர். 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம். 1977இல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுகொண்டபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் இந்த மலையும் ஒன்று. 1986 முதல் இங்கே 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இயங்குகிறது. இங்கிருந்து 1988இல் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். ஆலங்காயம் வழியாக அந்தச் சாலையில் போகும்போது மரங்களுக்கு மேல் வெள்ளைக் குவிமாடம் எட்டிப் பார்க்கும். கற்திட்டையையும் வானாய்வகத்தையும் ஒரே மலையில் பார்க்க வேறு எங்கே போவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் இந்த வட்டாரத்தைப் பற்றிய பாட்டு. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் வாங்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் 583 அடிகள். செங்கண்மா என்பது இன்றைய செங்கம், பாட்டில் வரும் சேயாறு நம் செய்யாறு. அதில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தினைப்புனத்துக்கு வரும் காட்டுப்பன்றியைப் பிடிக்க வழியில் பொறி வைத்திருப்பார்கள், அதனால் நள்ளிரவில் போகாதீர்கள், தங்கி இருந்து விடிந்ததும் கடந்து போங்கள் என்று புலவர் எச்சரிக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பக்கமான வழிகாட்டி, மலையில் இரவு தங்கு, விடியலில் நட என்கிறது. ஜவ்வாதுக்கு இன்றைக்கும் அதே யோசனைதான் பொருந்தும். எங்கள் தேர்வு அங்கிருந்துதான் மாறியது.

எல்லாவற்றையும் தீர்மானித்தது வெயில். வேலூர் வெயிலைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும். மாசி பாதியிலேயே காலை பத்து மணிக்கு மேல் வெளியே நடக்க மனசு வராது. அதனால் மலை எவ்வளவு அழகு என்பதைவிட, வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து மலையில் முதல் அடி வைக்கும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. விடியலுக்கும் பத்து மணிக்கும் நடுவில் நமக்குக் கிடைப்பது நாலு மணி நேரம். அதில் எத்தனை மணி சாலையில் போகிறது, எத்தனை மணி மலையில் கிடைக்கிறது?

ஜவ்வாதுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல் தாண்டிப் போளூர் சேரவே ஏழு மணிக்குப் பக்கம். அங்கிருந்து மலைச்சாலை. ஜமுனாமரத்தூரில் டீ குடித்து நடக்கத் தொடங்கும்போது ஒன்பது, ஒன்பதரை. மேலே காற்று இதமாக இருக்கும், மர நிழலும் உண்டு, உண்மைதான். ஆனால் இருட்டுவதற்கு முன் மலைச்சாலையில் இறங்கிவிட வேண்டும் என்று பார்த்தால், நடக்கக் கிடைக்கும் நேரம் முழுக்க உச்சி வெயிலில் வந்து விழுகிறது. விடியற்காலைப் பனியும், பறவைச் சத்தமும், சாமை வயல் மேல் படியும் முதல் வெளிச்சமும் நமக்குக் கிடைப்பதில்லை. அவை வேண்டும் என்றால் முந்தின நாளே போய்த் தங்க வேண்டும். ஏலகிரிக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

அனுமதி விஷயமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு காட்டுப் பாதைகளில் நடப்பதற்கு விதிமுறைகள் கடுமையாயின. அது சரியான முடிவுதான். இப்போது 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகும் பாதைகள் இருக்கின்றன. ஏலகிரியின் சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அந்தப் பட்டியலில் வந்தவை. காட்டுத்தீ காலத்தில், மாசி பங்குனி வாக்கில், இந்தப் பாதைகளை மூடிவிடுவதும் உண்டு. ஜவ்வாதிலும் ஊரை விட்டுக் காப்புக்காட்டுக்குள் கால் வைத்தால் வனத்துறையைக் கேட்டுத்தான் போக வேண்டும். ஆக, இரண்டு மலையும் முன்கூட்டியே திட்டம் போட்டுப் போகிற இடங்கள். சனிக்கிழமை இரவு சாப்பிடும்போது முடிவெடுத்து ஞாயிறு காலை கிளம்ப முடியாது.

வள்ளிமலைக்கு அப்படிக் கிளம்பலாம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். காட்பாடியைத் தாண்டி, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைக் கடந்து மேல்பாடி வழியாகப் போகும் சாலை. இரு சக்கர வண்டியில் ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறேகாலுக்கு அடிவாரம். மலை நிழல் இன்னும் ஊர் மேல் படுத்திருக்கும். கோயில் படி என்பதால் அனுமதிச் சீட்டு கிடையாது, வழிகாட்டி தேவையில்லை. பேருந்தும் உண்டு, ஆனால் காலை முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் தள்ளிப் போனாலும் இங்கே அது பெரிய வித்தியாசம்.

ஏன் என்றால், இங்கே வெறுங்காலில் ஏறுகிறோம். முருகன் மலை, செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் ஏறுகிறார்கள். ஏறும்போது கல் சில்லென்று இருக்கும், பாதத்துக்கு அவ்வளவு சுகம். இறங்கும்போதுதான் சோதனை. எட்டு மணிக்குக் கல்லில் இளஞ்சூடு. ஒன்பதுக்கு நிழல் விழும் ஓரமாகப் பார்த்துக் கால் வைக்கத் தொடங்குவோம். பத்தரைக்குப் பாறை தோசைக்கல். அடிவாரத்தில் பூ விற்கும் அம்மா ஒருவர் ஏறுகிற எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறார்: “சீக்கிரமா ஏறி இறங்கிடு கண்ணு, வெய்யில் ஏறிச்சின்னா கால வெக்க முடியாது.” என் மச்சான் ஒருமுறை, “இன்னாம்மா, காலு நெலத்துல பாவாம பறந்தா போவ முடியும்?” என்று கேட்டார். “சாக்ஸு போட்டுக்கினு போறாங்க பாரு” என்று அந்த அம்மா ஒரு குடும்பத்தைக் கை காட்டினார். நல்ல யோசனை அது. பழைய காலுறை ஒரு ஜோடி பையில் வைத்துக்கொண்டால் இறங்கும்போது உதவும். மழை பெய்த நாளில் மட்டும் காலுறை வேண்டாம், வழுக்கும்.

சரி, நாலு மணி நேரத்தில் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? வள்ளியைக் குழந்தையாகக் கண்டெடுத்து நம்பிராஜன் வளர்த்த இடம், அவள் தினைப்புனம் காத்த இடம் என்று ஊர் முழுக்கக் கதைதான். யானை உருவத்தில் ஒரு பாறையைக் காட்டுவார்கள், விநாயகர் யானையாக வந்து வள்ளியை விரட்டிய இடம் என்று. சூரியன் காணாத சுனை என்று ஒன்று, வெயிலே படாமல் பாறைக்குள் கிடக்கும் தண்ணீர். மேலே பாறையைக் குடைந்த முருகன் சந்நிதி. திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பிய வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் வாழ்ந்த ஆசிரமமும் இதே மலையில்தான். தேனும் தினைமாவும் இந்த மலைக்குச் சொந்தமான பிரசாதம்.

நாங்கள் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் இவற்றை விட்டு ஒதுங்கி, கிழக்குச் சரிவில் இருக்கும் சமணச் சிற்பங்கள். கும்பாபிஷேகம், கிருத்திகை என்று வரும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் இதைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். இயற்கையான குகை, அதன் பாறை முகத்தில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள் அமர்ந்த நிலையில். 9ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் ராசமல்லன் இங்கே சமணப் பள்ளி அமைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. சிவமாறன், ஸ்ரீபுருஷன், ரணவிக்ரமன், அவன் மகன் ராசமல்லன் என்று வம்சமே அதில் வருகிறது. இன்னொரு கல்வெட்டு பாண மன்னனின் குருவாக இருந்த ஒரு துறவியைக் குறிக்கிறது. இன்னொன்றில் அச்சணந்தி என்ற பெயர். மதுரையைச் சுற்றியுள்ள சமண மலைகளுக்குப் போனவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். அங்கே ஆனைமலையிலும் கீழக்குயில்குடியிலும் சிற்பம் செதுக்க வைத்த அதே பெயர் இங்கே பொன்னை ஆற்றங்கரை மலையிலும் கிடைக்கிறது.

இதற்கும் நேரம்தான் சாவி. கிழக்குப் பக்கம் என்பதால் காலை வெளிச்சம் சாய்வாகப் பாறை மேல் விழுகிறது. அந்த நேரத்தில்தான் உருவங்கள் எழுந்து நிற்கும். தலைக்கு மேல் மூன்றடுக்காக இருக்கும் முக்குடையின் விளிம்பு, காது மடல், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உள்ளங்கைகள் எல்லாம் நிழல் கோட்டோடு தனித்தனியாகத் தெரியும். ஏழரை, எட்டு மணிக்கு ஒரு எழுத்து வரிசையை விரலால் தொடாமல் கண்ணாலேயே பின்தொடர முடியும். வெயில் உயர்ந்ததும் அதே பாறை தட்டையாகிவிடும். புகைப்படம் எடுக்கிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து சுண்ணாம்பு, எண்ணெய், தண்ணீர் எதையும் சிற்பத்தின் மேல் தேய்க்காதீர்கள். பெயர் கிறுக்குகிறவர்களைப் பார்த்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வெயிலைத் தாங்கிய கல் ஒரு ஆணிக் கீறலில் கெட்டுப்போகிறது, பார்க்கவே வயிறு எரிகிறது.

உச்சியில் நின்றால் வடக்கிலும் மேற்கிலும் ஆந்திர எல்லை மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும். கீழே மாந்தோப்பு, நெல் வயல், மணல் விரிந்த பொன்னை ஆறு. ஜவ்வாதின் அடர்காட்டுக்கு இது ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே மொட்டைப் பாறை அதிகம், நிழல் குறைவு. குரங்குகளும் உண்டு. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், முதுகுப்பைக்குள் போட்டுப் பூட்டிவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பதரைக்குள் இறங்கிவிட்டால் மிச்ச நேரத்துக்குத்தான் மேல்பாடி. திரும்பும் வழியிலேயே இருக்கிறது. முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சய சோழனுக்காக எழுப்பிய பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாகக் கட்டிய கோயில், அரிஞ்சிகை ஈஸ்வரம் இங்கேதான். ஆற்றூரில் இறந்ததால் அரிஞ்சயனை ஆற்றூர்த் துஞ்சிய தேவர் என்று கல்வெட்டு குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன், நீவா ஆற்றின் கரையில், நம் பொன்னை ஆறுதான் அது, பாட்டனுக்காக இப்படி அடக்கமான ஒரு கற்றளி எழுப்பியிருக்கிறான். பக்கத்திலேயே சோமநாதர் கோயில். இரண்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கின்றன. வெயில் ஏறிய பிறகு கல் மண்டபத்துக்குள் உட்கார்ந்து, கொண்டு போன புளிசாதத்தையும் மோரையும் வெளியே மரத்தடியில் முடித்துக்கொண்டு பன்னிரண்டுக்கு வீடு வந்துவிடலாம். மலையும், சமணமும், சோழரும், ஆறும் ஒரே காலையில். வேறு எந்தப் பக்கமும் எங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்து வரவில்லை.

அருகில் இருப்பது என்றால் வேலூர்க் கோட்டைக்கு எதிரே உள்ள மலைகள்தானே என்று கேட்கலாம். 1677, 78இல் மராத்தியர் கோட்டையை முற்றுகையிட்டபோது எதிர் மலைகளில் கட்டிய சஜ்ரா, கோஜ்ரா கோட்டைகள் அங்கே இருக்கின்றன. வரலாறு வலுவானது. ஆனால் நான் ஏறிய பக்கம் பாதை முள் மண்டி இருந்தது. வழி தெரிந்த உள்ளூர்க்காரர் இல்லாமல், அதுவும் பெண்கள் தனியாக, போகச் சொல்ல மாட்டேன்.

வள்ளிமலைக்கு உண்மையான போட்டி என்றால் திருமலைதான். போளூருக்கு முன்னால், வடமாதிமங்கலம் ரயில் நிலையத்துக்குப் பக்கம். காட்பாடி விழுப்புரம் பாதையில் ரயிலிலேயே போகலாம். பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் நேமிநாதர், சுமார் 16 அடி உயரம், நின்ற கோலம். ராஜராஜனின் அக்காள் பெயரில் அமைந்த குந்தவை ஜினாலயம் என்ற சமணக் கோயில். குகைக்குள் பழைய ஓவியங்கள். ராஜேந்திரன் கங்கை வரை, வங்காள தேசம் வரை வென்றதைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டும் இங்கேதான். அவ்வளவு பெரிய படையெடுப்பையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் அந்தக் கல்வெட்டு பதிவு செய்வது என்ன தெரியுமா? சாமுண்டப்பை என்ற வணிகர் மனைவி ஒருத்தி கோயில் விளக்குக்கும் படையலுக்கும் கொடுத்த கொடை. சிற்பத்துக்கும் கல்வெட்டுக்கும் திருமலை ஒரு படி மேல் என்று சொல்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஏற்றம் குறைவு, நடை சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால்தான் எங்களுக்கு இரண்டாம் இடம். முட்டிவலி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் வரிசையை மாற்றித் திருமலையை முதலில் வையுங்கள்.

பருவம் பற்றிக் கொஞ்சம். கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முடியும் வரை வள்ளிமலை ரொம்ப நன்றாக இருக்கும். அப்போது பத்து மணி எல்லை பதினொன்றரை வரைக்கும் நீளும். ஐப்பசி மழையில் படிகள் வழுக்கும். பங்குனியிலிருந்து ஆனி வரை விடியலில் மட்டும். ஆடிக் கிருத்திகைக்கும் மாசித் தேருக்கும் கூட்டம் தாங்காது. தேர் மலையைச் சுற்றி வர நான்கு நாள் ஆகும், அதைப் பார்க்கவே போகலாம், நடப்பதற்குப் போகாதீர்கள். ஜவ்வாதை மழைக்காலத்தில் நான் பார்த்ததில்லை, அருவிகள் அப்போதுதான் நிறையும் என்கிறார்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால் அதைத்தான் முதலில் எடுங்கள். சனிக்கிழமை மதியம் ஆலங்காயம் வழியாக ஏறி, இரவு தங்கி, ஞாயிறு விடியலில் நடந்து, மதியத்துக்குள் போளூர் பக்கம் இறங்கிவிடலாம். காவலூரில் பொதுமக்களுக்கு வானம் காட்டும் நேரம் சனிக்கிழமை மாலைதான் வழக்கம், மேகம் இல்லாத மாதமாகப் பார்த்து, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.